எட்டு சென்டிமீட்டர் ஆழம்

கறிக்குழம்பு கொதித்து இறக்கியாயிற்று. ருசி பார்த்தால் உப்பு சரியாக இருக்கிறது. ஆனால் பெரிய துண்டு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டால், மேலே உப்பும் உறைப்புமாக இருக்கிற கறி நடுவில் சப்பென்று இருக்கிறது. ‘உப்பு சாரவில்லை’ என்கிறோம்; அடுத்த முறை துண்டைச் சிறிதாகப் போடச் சொல்கிறோம். ஏன் சாரவில்லை என்பதுதான் கேள்வி. அதே குழம்பிலிருந்து சூடு மட்டும் துண்டின் நடுவரைக்கும் போய் அதை வேகவைத்திருக்கிறதே. உப்பு ஏன் பாதி வழியில் நின்றது?

துண்டு எலுமிச்சம்பழ அளவு என்றால் இது சின்னக் குறை. ஒரு முழுப் பன்றியைத் துண்டு போடாமல் நூறு பேருக்குச் சமைக்கிறவருக்கோ, இரண்டு நாள் வேலையும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில், அட்லாண்டிக் கடலை நோக்கிச் சரியும் கிழக்குச் சமவெளியில், அந்தச் சமையல் இன்றும் நடக்கிறது. ஏய்டன் என்ற சிற்றூரில் பீட் ஜோன்ஸ் 1947-இல் தொடங்கிய ‘ஸ்கைலைட் இன்’ உணவகத்தின் கூரைமேல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைப் போலவே ஒரு குவிமாடம் நிற்கும். அதன் சமையல்கூடத்தில் விறகை எரித்துத் தணலாக்கி, மண்வாரியால் அள்ளிப் பன்றிக்கு அடியில் பரப்பி, மணிக்கணக்காக வேகவிடுகிறார்கள். தென் கரோலினாவின் ஹெமிங்வே ஊரில் ஸ்காட் குடும்பத்தாரும் இதே முறைதான். அமெரிக்கத் தென்பகுதியில் இந்தக் கைத்திறனை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். குழி வெட்டியதும், இரவெல்லாம் கண்விழித்துத் தணல் காத்ததும் அவர்கள்; விருந்துக்கு உட்கார்ந்தவர்கள் வேறு. இனி நாம் பார்க்கப்போகும் அறிவியலின் பெரும்பகுதியை அவர்கள் கையாலும் மூக்காலும் அறிந்திருந்தார்கள்.

உப்பு நடக்கும் வேகம்

உப்பு நீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரு வகை மின்துகள்களாகப் பிரிகிறது. இவற்றுக்குப் போகவேண்டிய இடம் எது என்று தெரியாது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் இடித்துத் தள்ள, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம் என்று அலைகின்றன. கறிக்கு வெளியே துகள்கள் நெருக்கமாகவும் உள்ளே அரிதாகவும் இருப்பதால், மொத்தத்தில் உள்ளே வந்தவை வெளியே போனவற்றைவிட அதிகமாகிவிடும். இப்படித் திசையில்லாத அலைச்சலாலேயே ஒரு பொருள் பரவுவதற்கு விரவல் என்று பெயர்.

திசையில்லாமல் அலைகிறவை தூரம் கூடக்கூட மிகவும் தாமதமாகும். இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். மூன்று மடங்கு ஆழத்துக்கு ஒன்பது மடங்கு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், முழுப் பன்றியின் சமையலில் பாதி புரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடல் நீக்கிச் சுத்தம் செய்தபின் 70 கிலோ இருக்கும் பன்றி. நூறு பேருக்குத் தாராளமாகக் காணும். அதன் பின்தொடையில் தோலிலிருந்து எலும்புவரை ஏறக்குறைய 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த பச்சைக் கறியில் உப்பு 1 செ.மீ. உள்ளே போவதற்குச் சுமார் ஒரு நாள் ஆகும். அப்படியானால் 8 செ.மீ. போக எட்டு நாள் அல்ல, எட்டை எட்டால் பெருக்கி 64 நாள். இரண்டு மாதம்! உப்பு பல பக்கங்களிலிருந்தும் நுழைகிறது என்பதால் நடைமுறையில் இது குறையும். ஆனாலும் வாரக்கணக்கு வாரக்கணக்குத்தான். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பன்றித் தொடையை உப்பில் போட்டுவைத்து, பிறகு மாதக்கணக்கில் தொங்கவிடுகிறவர்கள் இந்த மெதுநடைக்குப் பணிந்து, காலத்தையே சமையல் பொருளாக்கிக்கொண்டவர்கள்.

இப்போது சூட்டைப் பாருங்கள். அதற்கும் அதே பெருக்கல் விதிதான். ஆனால் கறியில் சூடு 1 செ.மீ. போக ஆறு நிமிடம் போதும். 8 செ.மீ.க்கு 64 ஆறுகள், அதாவது 384 நிமிடம். ஏறக்குறைய ஆறரை மணி நேரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? உப்பு உள்ளே போகவேண்டுமானால் உப்புத் துகளே நெரிசலில் புகுந்து அங்கே போய்ச் சேரவேண்டும். சூடு போக எதுவும் இடம்பெயர வேண்டியதில்லை. ஒரு மூலக்கூறின் அதிர்வு பக்கத்து மூலக்கூறை உலுக்க, அது அடுத்ததை உலுக்க, ஆட்டம் மட்டும் கைமாறிப் போகிறது.

குழம்புத் துண்டின் கதையும் இதுவே. கொதிக்கும் குழம்பில் உப்பின் நடை சில மடங்கு வேகமெடுக்கும். இருந்தும் சூட்டை எட்டிப் பிடிக்க அதனால் முடியாது. துண்டு வெந்துவிட்டது என்று நாம் அடுப்பை அணைக்கும்போது உப்பு இன்னும் வழியில் இருக்கிறது. துண்டைப் பாதியாக வெட்டினால் அதன் வழியும் பாதியாகி, நேரம் கால் பங்காகிவிடும். நம் வீடுகளில் சொல்லும் யோசனை கச்சிதமானது.

ஊசியும் பனிக்கட்டியும்

முழுப் பன்றியைப் பெரிய தொட்டியில் உப்புநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மேற்சொன்ன கணக்குப்படி 12 மணி நேரத்தில் உப்பு முக்கால் செ.மீ. போயிருக்கும். தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் இருக்கும் பக்கத்தில் அதுவும் இல்லை. தொட்டி, பத்துப் பதினைந்து கிலோ உப்பு, தூக்கிப்போட நான்கு ஆள் என்று அத்தனை பாடுபட்டு, கறியின் மேலோட்டத்துக்கு மட்டும் உப்பிட்டிருப்போம்.

வழியைக் குறைப்பதே தீர்வு. துண்டு போடாமலே வழியைக் குறைக்க ஊசி இருக்கிறது. டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் 1978-இல் தொடங்கிய சமையல் போட்டியில் முழுப் பன்றி தனிப் பிரிவு. அங்கே வருகிறவர்கள் பக்கவாட்டில் துளைகள் கொண்ட தடித்த ஊசியால் உப்புநீரைத் தசைக்குள் நேரடியாக ஏற்றுவது வழக்கம். ஆப்பிள் சாறும் சர்க்கரையும்கூடச் சேர்ப்பார்கள். இரண்டு செ.மீ.க்கு ஒரு குத்து என்று குத்தினால், எந்த ஓர் இழையும் உப்பிலிருந்து ஒன்றரை செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்காது. ஏற்றும்போதே நீர் தசையின் இழைவாக்கில் கொஞ்சம் ஓடிவிடும். மிச்ச தூரத்தை ஓர் இரவில் உப்பு பெரும்பாலும் கடந்துவிடும்.

எவ்வளவு ஏற்றுவது? நம் பின்தொடையில் எலும்பும் தோலும் போக 6 கிலோ கறி இருக்கிறது என்போம். 600 மி.லி. நீரில் 60 கிராம் உப்பைக் கரைத்து முழுவதையும் ஏற்றினால், கறியில் உப்பு 1 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். பலருக்கு அது நாவுக்கு இதமான அளவு. தொட்டியில் ஊறவைப்பதைவிட இது எனக்கு மேலானதாகப் படுவதற்கு இதுவும் காரணம்: எவ்வளவு உப்பு உள்ளே போயிற்று என்பது கையிலேயே தெரிகிறது.

ஆனால் ஊசிக்கு ஒரு விலை உண்டு. அதை மறைக்கக் கூடாது. வெட்டுப்படாத, நல்ல நிலையிலுள்ள தசையின் உட்பகுதியில் கிருமிகள் அநேகமாக இருக்காது. அவை இருப்பது மேற்பரப்பில். ஊசி குத்தும் ஒவ்வொரு முறையும் மேலே இருந்ததை உள்ளே தள்ளுகிறோம், கடைசியாகச் சூடேறும் இடத்துக்கே. ஆகவே ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுக்கவேண்டும். உப்புநீரைக் கொதிக்கவைத்து முழுக்கக் குளிரவிட்டபின்பே ஏற்றவேண்டும். பன்றி இரவு முழுவதும் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கவேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியில் 70 கிலோ உடல் நுழையாது. பெரிய ஐஸ் பெட்டியில் கிடத்தி, வயிற்றுக் குழிக்குள்ளும் பனிக்கட்டிப் பைகளை அடுக்குவார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் பெருகும். தோதான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியவையும் உண்டு. நெருப்பில் ஏற்றிய முதல் சில மணி நேரத்தில் தணலில் கஞ்சத்தனம் கூடாது என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

உப்பு நீரை வெளியே இழுக்காதா?

வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் நீர் விடுகிறது. அப்படியிருக்க உப்பிட்ட கறி மட்டும் சாறோடு இருப்பது எப்படி? தொடக்கத்தில் கறியும் நீர் விடத்தான் செய்கிறது. ஆனால் உயிர் போன தசையின் செல்சவ்வுகள் உப்பைத் தடுத்து நிறுத்துவதில்லை. உள்ளே நுழைந்த குளோரைடு, தசையைச் சுருக்கும் மையோசின் என்ற புரத இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒரே வகை மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ள, நடுவில் இடம் உண்டாகி நீர் அங்கே தங்குகிறது. சூடேறும்போது இந்த இழைகள் இறுகி நீரைப் பிழிந்து வெளியேற்றுவது இயல்பு. உப்பு அவற்றில் ஒரு பகுதியைக் கரைத்துவிட்டதால் அந்தப் பிழிதல் தளர்ந்துபோகிறது. உப்புநீர் 5, 6 சதவீதம் இருக்கும்போது இந்த உப்பல் உச்சத்தை எட்டும். அவ்வளவு உப்பைக் கறி முழுவதும் ஏற்றினால் யாராலும் தின்ன முடியாது. 1 சதவீதத்தில் கிடைக்கும் பலனே கண்கூடாகத் தெரியும்.

கரோலினாவின் பழைய குழிகளில் பொதுவாக உப்புநீர் ஏற்றுவதில்லை. வெந்தபின் உப்பும் வினிகரும் மிளகாயும் சேர்ப்பதோடு சரி. அவர்கள் கறியும் அருமையாகவே இருக்கிறது. ஏனென்றால் முன்தொடைக்கும் வயிற்றுக்கறிக்கும் கொழுப்பே காவல். உப்புநீரால் உண்மையில் பிழைப்பவை கொழுப்புக் குறைந்த முதுகுக்கறியும் பின்தொடையும்தான். கையில் இருக்கும் உப்புநீரையும் நேரத்தையும் அங்கே செலவிடுங்கள் என்பேன்.

ஏற மறுக்கும் வெப்பமானி

சூடு ஆறரை மணியில் நடுவுக்குப் போய்விடும் என்று கணக்குச் சொன்னது. குழியில் பன்றி கிடப்பதோ 12 மணி நேரம். மிச்ச நேரம் எங்கே போகிறது?

குழிக்குள் காற்று 110, 120 டிகிரியில் இருக்கிறது. முன்தொடையில் செருகிய வெப்பமானி முதலில் மளமளவென்று ஏறும். 65, 70 டிகிரிக்கு வந்ததும் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில வேளை நான்கு மணி நேரம் முள் அசையாது. சில வேளை ஓரிரு டிகிரி இறங்கவும் செய்யும். புதிதாகச் சமைப்பவர் தணல் போதவில்லை என்று பதறி மேலும் அள்ளிப் போடுவார். அடிப்பக்கம் கருகிவிடும்.

கறிக்குள் இருக்கும் கொழுப்பும் சவ்வும் உருகுவதற்குச் சூட்டை எடுத்துக்கொள்கின்றன என்றுதான் நெடுநாள் விளக்கம் சொல்லிவந்தார்கள். இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே அடுப்பில் இறைச்சியோடு வெறும் கொழுப்புக் கட்டி ஒன்றையும், நீரில் நனைத்த பஞ்சு ஒன்றையும் வைத்தார். கொழுப்பு தங்குதடையின்றிச் சூடேறிக்கொண்டே போனது. உருக ஒன்றுமே இல்லாத ஈரப் பஞ்சு, கறியைப் போலவே நடுவழியில் நின்றது. ஆக, காரணம் ஈரம். மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. குழியில் கிடக்கும் பன்றியும் அதேபோல வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக எடுக்கும் சூட்டைக் கொண்டு ஒரு கிலோ கறியை அரை டிகிரிக்கு மேல் சூடாக்கலாம். மேற்பரப்பில் ஈரம் ஊறி வந்துகொண்டிருக்கும் வரை, நெருப்பு தருவதையெல்லாம் ஆவி எடுத்துப் போய்விடும். மேற்பரப்பு காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே முள் மறுபடி நகரும்.

தனித் தொடையாக இருந்தால் அலுமினியத் தாளில் சுற்றி ஆவியை அடைத்துவிடலாம். முழுப் பன்றியை அப்படிச் சுற்றுவது எளிதல்ல. ஆனால் தோல் இருக்கும் பக்கத்தில் அந்த வேலையைத் தோலே செய்கிறது. நீர் அதைத் தாண்டி எளிதில் வெளியேறாது. மற்றபடி குழியின் மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் வழி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே கட்டியிருந்த ஈரக்காற்று வெளியேறி, ஆவியாதல் புதிதாகத் தொடங்குகிறது.

ஒரு நெருப்பு, இரண்டு கறி

வெப்பமானி நின்ற அந்த மணி நேரங்கள் வீண் அல்ல. நாள் முழுக்க உழைக்கும் தசைகளை, முக்கியமாக முன்தொடையை, கொலாஜன் என்ற புரதம் கட்டிவைத்திருக்கிறது. மூன்று இழை சேர்த்து முறுக்கிய அமைப்பு அது. 60 டிகிரியைத் தாண்டினால் முறுக்கு அவிழத் தொடங்கும். ஆனால் அந்தச் சூட்டில் முழுக்க அவிழ ஒரு நாள்கூட ஆகும். 80, 90 டிகிரியில் சில மணி நேரம் போதும். அவிழ்ந்த இழை நீரைப் பிடித்துக்கொண்டு ஜெலட்டின் ஆகிறது. ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் உதட்டில் ஒட்டுமே, அந்தப் பசைதான். முன்தொடை 90 டிகிரியை எட்டும்போது அதன் சொந்த நீர் கணிசமாக வெளியேறியிருக்கும். ஆனாலும் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் இழைகளைச் சுற்றிக்கொண்டிருப்பதால் வாயில் அது வழுவழுப்பாகச் சாறோடு இருக்கிறது.

முதுகுக்கறியின் இயல்பு நேரெதிர். அதில் கொலாஜனும் கொழுப்பும் குறைவு. 63 டிகிரியில் அது பக்குவம். பன்றி முழுத்தசைக் கறிக்கு அமெரிக்க வேளாண் துறை 2011-இல் நிர்ணயித்ததும் 63 டிகிரியும், பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுவதும்தான். அதற்கு முன் 71 டிகிரி என்று இருந்தது. அதே முதுகுக்கறி 80 டிகிரியைத் தாண்டினால் நார் நாராகிவிடும். ஒன்றுக்கு 63, இன்னொன்றுக்கு 90. இரண்டும் ஒரே உடலில், ஒரே குழியில்.

இந்தச் சிக்கலைக் குழிக்காரர்கள் தீர்த்த விதம் எனக்கு மிகுந்த மரியாதை தருகிறது. தணலைச் சமமாகப் பரப்பமாட்டார்கள். நான்கு தொடைகளுக்கும் அடியில் குவியல், நடுவில் தூவல். பன்றியை வயிற்றுப்பக்கம் பிளந்து விரித்து, முதலில் கறிப்பக்கம் கீழே இருக்கும்படி கிடத்துகிறார்கள். பெரும்பகுதி வெந்தபின் திருப்பினால் தோல் ஒரு தொட்டியாகி, உருகிய கொழுப்பையும் சாற்றையும் ஏந்திக்கொள்ளும். முதுகுக்கறி அதில் நனைந்தபடி கிடக்கும்.

இத்தனைக்குப் பிறகும் முதுகுக்கறி கொஞ்சம் காய்ந்துபோவது உண்டு. கிழக்குக் கரோலினாவில் அதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பகுதியையும் தனியாகப் பரிமாறுவதில்லை. முன்தொடை, பின்தொடை, முதுகு, வயிறு எல்லாவற்றையும் ஒரே மரப்பலகையில் போட்டு இரண்டு கைக்கும் கனத்த வெட்டுக்கத்தி பிடித்துக் கொத்துகிறார்கள். காய்ந்த கறி, கொழுத்த கறியின் ஜெலட்டினில் புரண்டு எழுகிறது. வினிகர் கொழுப்பின் திகட்டலை முறிக்கிறது. ‘ஸ்கைலைட் இன்’னில் மொறுமொறுப்பான தோலையும் சேர்த்தே கொத்துவார்கள்.

புகை எவ்வளவு தூரம் போகும்?

புகை கறிக்குள் ஊடுருவிவிடுகிறது என்பது நம்பிக்கை. அது மேலே சில மி.மீ. ஆழத்தோடு நின்றுவிடும். வெட்டிய துண்டில் விளிம்பை ஒட்டி ஒரு செ.மீ. அளவுக்குத் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் புகையின் சாயமும் அல்ல. விறகு எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு வாயு ஈரப் பரப்பில் கரைந்து, தசைக்குச் சிவப்பு தரும் மையோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைநிறுத்துகிறது. உட்பகுதி 60 டிகிரியைத் தாண்டி மையோகுளோபின் பழுப்பாகிவிட்டால் வளையம் அதற்குமேல் வளராது. அதற்குத் தனிச் சுவை கிடையாது.

மணம் வருவது மரத்தின் லிக்னினிலிருந்து. மரநார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருள் அது. கடும் சூட்டில் அது உடையும்போது குவையக்கால், சிரிங்கால் என்ற மணப்பொருள்கள் பிறக்கின்றன. ஓக், ஹிக்கரி போன்ற கடினமரங்களில் இரண்டும் கிடைக்கும். கனத்த வெண்புகை வந்தால் விறகு சரியாக எரியவில்லை என்று பொருள். அது கறியைக் கசக்கவைக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாகப் புகை வரவேண்டும். துகள்கள் ஒளியலையைவிடச் சிறிதாக இருக்கும்போது நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். நீலப்புகை நல்ல எரிதலின் அடையாளம்.

ஆனால் கரோலினா முறையில் விறகு தனியே எரிந்து தணலான பிறகுதான் குழிக்குள் வருகிறது. விறகுப் புகையில் பெரும்பகுதி வெளியிலேயே போய்விட்டது. அங்கே மணத்தில் பெரும்பங்கு, தணல்மேல் சொட்டும் கொழுப்பும் சாறும் பொசுங்கி மேலெழும் ஆவியினுடையது. அந்தச் சொட்டு தீப்பற்றி எரிந்தால் வேண்டாத நச்சுகளும் சேர்ந்தே எழும். தணலுக்கும் கறிக்கும் இடையே போதிய உயரம் விடுவதும், எரியும் கொழுப்பை உடனே அணைப்பதும் அதற்காகவும்தான்.

மிஞ்சிய கறி

நூறு பேர் உண்டபின்னும் பத்துக் கிலோ மிஞ்சலாம். ஆழமான அண்டாவில் போட்டு மூடிவைத்துவிட்டுப் படுக்கப்போவது பெரும் தவறு. சூடு உள்ளே போன அதே கணக்கில்தான் வெளியேயும் வரும். சமையலைத் தாக்குப்பிடித்த சில கிருமிகளின் விதைகள் அண்டாவின் வெதுவெதுப்பான நடுவில் முளைத்துப் பெருகும். கூட்டமாகச் சாப்பிட்டவர்களுக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு வருவதற்கு அடிக்கடி இதுவே காரணம். கறியை அகலத் தட்டுகளில் 4 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பவேண்டும். 8 செ.மீ. குவியலோடு ஒப்பிட்டால் ஆறும் நேரம் கால் பங்கு. இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அதற்கடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்கிவிடவேண்டும். தட்டின் அடியில் பனிக்கட்டி வைத்தால் இன்னும் விரைவு.